மாதிரி ஐ.நா.வில் பெண்கள் நிலை ஆணையம்: முதல்முறை உட்காரப்போகும் மாணவர்களுக்கு

மாதிரி ஐ.நா. மாநாட்டுக்குப் பெயர் கொடுத்த மாணவருக்குப் பெண்கள் நிலை ஆணையம் ஒதுக்கப்பட்டதாகத் தகவல் வந்ததும், பெரும்பாலும் அவருக்கு ஒரு நிம்மதி வரும். பாதுகாப்பு அவை கிடைத்திருந்தால் போர், அணு ஆயுதம், தடை விதிப்பு என்று மலையளவு படிக்க வேண்டும். இங்கே பெண்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று பேசினால் போதாதா? போதாது. அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் 45 நாடுகளில் ஒன்றுகூடச் சமத்துவம் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்டதையே திரும்பத் திரும்பச் சொன்னால் விவாதம் ஓர் அங்குலமும் நகராது. எந்தச் சொல்லைப் போடுவது, யார் பணம் கொடுப்பது, எந்தச் சட்டத்தை மாற்றுவது, மாற்றியதை யார் கணக்கெடுப்பது, சண்டை இவற்றில்தான். அதனால் இது கடினமான குழு. நன்றாகத் தயாரித்தால் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும் குழுவும் இதுதான்.

மாதிரி ஐ.நா. என்பது என்ன என்று இரண்டு வரியில் சொல்லிவிடலாம். மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக, அதாவது டெலிகேட்டாக, உட்கார்ந்து, ஐ.நா. அமைப்பு ஒன்றின் விதிகளை ஒட்டி இரண்டு மூன்று நாள் பேசி, பேரம் நடத்தி, கடைசியில் ஒரு தீர்மானம் எழுதி வாக்கெடுப்புக்கு விடுகிறார்கள். நடத்துபவர் சேர், அதாவது தலைவர்; அவரும் துணைத்தலைவரும் சேர்ந்த குழுவை நம் ஊர் மாநாடுகளில் ஈ.பி. (எக்சிக்யூட்டிவ் போர்டு) என்பார்கள். நீங்கள் எந்த நாடோ அந்த நாட்டின் நிலைப்பாட்டைத்தான் பேச வேண்டும். உங்கள் சொந்தக் கருத்துக்கு அங்கே இடமில்லை. இந்த ஒரு விதிதான் பெண்கள் நிலை ஆணையத்தில் அதிகமாக மீறப்படுகிறது.

முதலில், எந்த அமைப்பில் உட்காரப்போகிறீர்கள்?

மூன்று அமைப்புகளை மாணவர்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். குழம்பினால் தயாரிப்பு முழுக்க வீணாகிவிடும்.

பெண்கள் நிலை ஆணையம், சுருக்கமாக சி.எஸ்.டபிள்யூ., அரசுகள் உட்காரும் இடம். 1946 ஜூன் மாதம் ஐ.நா.வின் பொருளாதார, சமூக அவை இதை உருவாக்கியது. உறுப்பு நாடுகள் 45: ஆப்பிரிக்கா 13, ஆசிய பசிபிக் 11, லத்தீன் அமெரிக்கா மற்றும் கரீபியன் 9, மேற்கு ஐரோப்பாவும் பிறவும் 8, கிழக்கு ஐரோப்பா 4. நான்கு ஆண்டுப் பதவிக்காலம். ஒவ்வொரு மார்ச்சிலும் நியூயார்க்கில் கூடும். உறுப்பினராக இருக்கத் தகுதியில்லை என்று ஒரு நாட்டை வெளியேற்றியதும் உண்டு: 2022 டிசம்பரில் ஈரானை நீக்கும் முடிவு பொருளாதார, சமூக அவையில் 29 ஆதரவு, 8 எதிர்ப்பு, 16 நடுநிலை என்ற கணக்கில் நிறைவேறியது. இந்தியா அன்று நடுநிலை வகித்தது. இந்த மாதிரி வாக்குப் பதிவுகளைத் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஒரு நாடு பேசுவதைவிட அது எப்படி வாக்களித்தது என்பது அதிகம் சொல்லும்.

இரண்டாவது, சீடா குழு. பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாட்டையும் ஒழிக்கும் உடன்படிக்கையைச் சுருக்கி சீடா என்கிறோம். 1979இல் ஏற்கப்பட்டு 1981இல் நடைமுறைக்கு வந்தது. அதைக் கண்காணிக்கும் குழுவில் 23 நிபுணர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தத்தம் நாட்டின் குரலாகப் பேசுவதில்லை. தனிப்பட்ட தகுதியில் உட்காருகிறார்கள். உங்கள் மாநாடு இந்தக் குழுவை நடத்துகிறது என்றால் நாட்டு அட்டையைத் தூக்கிக்கொண்டு "என் நாட்டின் நிலைப்பாடு" என்று பேசுவதே தவறு.

மூன்றாவது, ஐ.நா. பெண்கள் அமைப்பு. 2010இல் நான்கு பழைய அலுவலகங்களை இணைத்து உருவாக்கப்பட்டது. களத்தில் திட்டங்களை நடத்தும், நிதி திரட்டும், ஆணையத்துக்குச் செயலகமாக உதவும். கல்லூரி மாநாடுகளில் "ஐ.நா. பெண்கள்" என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே சி.எஸ்.டபிள்யூ. விதிகளில் நடத்துவது சாதாரணம். ஈ.பி. முன்கூட்டியே அனுப்பும் பின்னணிக் கையேடு கைக்கு வந்ததும் முதல் பக்கத்தில் இதைத்தான் பாருங்கள். தெளிவாக இல்லையென்றால் ஈ.பி.க்கு எழுதிக் கேட்டுவிடுங்கள்.

நாட்டை எப்படிப் படிப்பது

நாட்டின் மக்கள்தொகை, தலைநகர், நாணயம் என்று தொடங்குவார்கள் சிலர். அதில் நேரம் போக்காதீர்கள். நேராக சீடா உடன்படிக்கையில் உங்கள் நாடு என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். 189 நாடுகள் அதில் இருக்கின்றன. அமெரிக்கா 1980இல் கையெழுத்துப் போட்டது, இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை, அதாவது அதற்குச் சட்டப்படி கட்டுப்படவில்லை. ஆக, அமெரிக்க டெலிகேட் எழுந்து "எல்லா நாடுகளும் சீடாவை உடனே ஏற்க வேண்டும்" என்று முழங்கினால், எதிரே இருக்கும் விவரமறிந்த ஒருவர் ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிடுவார்.

ஏற்றுக்கொண்ட நாடுகளும் எல்லாவற்றையும் ஏற்கவில்லை. "இந்தப் பிரிவுக்குக் கட்டுப்பட மாட்டோம்" என்று எழுதிக்கொடுப்பதற்கு ஒதுக்கீட்டுக் குறிப்பு, பேச்சில் ரிசர்வேஷன், என்று பெயர். (நாம் வழக்கமாகச் சொல்லும் இடஒதுக்கீட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) இந்தியா 1993இல் ஏற்புறுதி செய்தபோது, எந்தச் சமூகத்தின் தனிப்பட்ட விவகாரங்களிலும் அந்தச் சமூகத்தின் முன்முயற்சியும் சம்மதமும் இல்லாமல் தலையிடுவதில்லை என்ற தன் கொள்கைக்கு உட்பட்டே 5(அ), 16(1) பிரிவுகளைக் கடைப்பிடிப்போம் என்று அறிவிப்புக் கொடுத்தது. திருமணம், மணவிலக்கு, குடும்ப உரிமைகள் வருவது 16ஆம் பிரிவில். சவூதி அரேபியா 2000இல் சேர்ந்தபோது இஸ்லாமியச் சட்டத்தோடு முரண்படும் எந்த ஷரத்துக்கும் கட்டுப்பட மாட்டோம் என்று பொதுவாகவே எழுதியது. ஆக, குடும்பச் சட்டம் என்ற தலைப்பு மேசைக்கு வந்ததும் இந்த இரண்டு நாடுகளும் எங்கே நிற்கும் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

அடுத்து, நாடு தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடியது எது? ருவாண்டா என்றால் நாடாளுமன்றக் கீழவையின் 80 இடங்களில் 24 பெண்களுக்கென்றே ஒதுக்கியிருப்பதும், 2013 தேர்தலுக்குப் பின் அங்கே பெண்கள் 60 சதவீதத்தைத் தாண்டியதும். ஐஸ்லாந்து என்றால் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் சம ஊதியத்துக்குச் சான்றிதழ் பெற வேண்டும் என்று 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டம். இந்தியா என்றால் 73ஆம் அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாட்டிலிருந்தும் இரண்டு வலுவான எடுத்துக்காட்டுகள் உண்டு. மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தரும் திருத்தம் இங்கே 1989இலேயே வந்தது, மத்தியச் சட்டம் மாறியது 2005இல். அதே 1989இல் ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரியில் தொடங்கியதுதான் நம் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம். ஐ.நா. பணம் ஒரு மாவட்டத்தில் எப்படி வேலை செய்தது என்று சொல்ல இதைவிடக் கச்சிதமான சான்று கிடைக்காது.

பெருமையோடு பலவீனத்தையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 2024 மக்களவைத் தேர்தலில் 543 இடங்களில் வென்ற பெண்கள் 74 பேர். மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை இரண்டோடும் சேர்த்துக் கட்டிவைத்தார்கள். இந்திய டெலிகேட்டாக இருந்தால் இந்தக் கேள்வி உங்களை நோக்கி வரும். பதிலை முந்தைய இரவே எழுதிவிடுங்கள்.

இதற்கெல்லாம் எங்கே தேடுவது? ஒவ்வொரு நாடும் நான்கு ஆண்டுக்கொருமுறை சீடா குழுவுக்கு அறிக்கை தர வேண்டும். அதைப் படித்துவிட்டுக் குழு தன் முடிவுரைகளை எழுதும். நாட்டின் அறிக்கையில் பெருமை இருக்கும், குழுவின் முடிவுரைகளில் பலவீனம் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு மாலைப்பொழுதில் வேலை முடிந்துவிடும். இரண்டும் ஐ.நா. தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. செய்திக் கட்டுரைகளைப் பத்து படிப்பதைவிட இது மேல்.

பொசிஷன் பேப்பர், அதாவது நிலைப்பாட்டுத் தாள், ஒரு பக்கம், பெரும்பாலும் மூன்று பத்தி. பிரச்சினையை உங்கள் நாடு எப்படிப் பார்க்கிறது, இதுவரை என்ன செய்தது, என்ன முன்மொழிகிறது. மூன்றாவது பத்தியைத்தான் ஈ.பி. கவனமாகப் படிப்பார்கள். மாணவர்களோ முதல் பத்தியில் முக்கால் பக்கத்தைச் செலவழித்துவிட்டு மூன்றாவதை இரண்டு வரியில் முடிக்கிறார்கள். கடைசிப் பத்தியை முதலில் எழுதினால் இந்தச் சிக்கல் வராது.

அறைக்குள்

காலையில் வருகைப் பதிவு. பெயர் கூப்பிடும்போது "பிரசன்ட்" என்று சொல்லலாம், "பிரசன்ட் அண்ட் வோட்டிங்" என்றும் சொல்லலாம். இரண்டாவதைச் சொன்னால் தீர்மான வாக்கெடுப்பில் நடுநிலை வகிக்க முடியாது, ஆதரவோ எதிர்ப்போ ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கம்பீரமாக இருக்கிறதே என்று புதியவர்கள் இதைச் சொல்லிவிட்டுக் கடைசி நாளில் மாட்டிக்கொள்கிறார்கள். தெளிவில்லாதவரை "பிரசன்ட்" போதும்.

பிறகு பொதுப் பேச்சாளர் பட்டியல், ஜி.எஸ்.எல். ஒருவருக்கு 90 வினாடி என்றால் 45 பேரும் ஒரு சுற்றுப் பேசவே ஒரு மணி ஏழரை நிமிடம் ஆகும். அதனால் அட்டையைத் தூக்கி மாடரேட்டட் காகஸ், அதாவது ஒரே தலைப்பில் சேர் பெயர் கூப்பிட்டு நடத்தும் குறுவிவாதம், கேட்பார்கள், பேச்சு வழக்கில் "மாட்". இந்தக் கோரிக்கையில் மூன்று விவரம் கட்டாயம்: தலைப்பு, மொத்த நேரம், ஒருவருக்கான நேரம். "கிராமப்புறப் பெண்களின் நில உரிமை, மொத்தம் 10 நிமிடம், ஒருவருக்கு 1 நிமிடம்." பத்தே பேருக்குத்தான் வாய்ப்பு என்பதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தலைப்பு குறுகலாக இருக்க வேண்டும். "பெண்கள் முன்னேற்றம்" என்று மாட் கேட்டால் பத்துப் பேரும் பத்துத் திசையில் பேசுவார்கள், எழுதி எடுக்க ஒன்றும் மிஞ்சாது.

பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 130 சொல்தான் நிதானமாகப் பேச முடியும். தமிழ் வழியில் படித்த மாணவர்கள் இதற்காகத் தயங்க வேண்டாம். நான்கு குறுவாக்கியம், நடுவில் ஓர் எண், கடைசியில் ஒரு முன்மொழிவு, அவ்வளவே ஒரு நல்ல மாட் பேச்சு. அலங்கார ஆங்கிலம் பேசுபவரைவிட, "இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு 299 நிமிடம் அதில் செலவிடுகிறார், ஆண் 97 நிமிடம், ஆகவே எல்லா நாடுகளும் இப்படியொரு கணக்கெடுப்பை நடத்த வேண்டுகிறோம்" என்று சொல்பவரைத்தான் பக்கத்து நாடுகள் தேடி வருகின்றன.

அன்மாடரேட்டட் காகஸ், அதாவது "அன்மாட்", வந்ததும் எல்லோரும் எழுந்து நடமாடலாம். கூட்டணி உருவாவது இங்கேதான். எழுதத் தெரிந்த இருவர் மடிக்கணினியோடு உட்கார, மற்றவர்கள் நின்றபடி கத்துவது வழக்கமான காட்சி. யார் குரல் ஓங்கியிருக்கிறதோ அவர் பெயரில் வரைவுத் தாள் போய்விடுகிறது. சமத்துவம் பற்றிய குழுவிலேயே பேசவந்த மாணவிகளை இடைமறிப்பதும், அவர்கள் சொன்ன யோசனையை வேறொருவர் தன்னுடையதாகச் சொல்வதும் நடக்கின்றன. இது வருத்தமான விஷயம், பார்த்துக்கொண்டு நிற்கவும் கூடாது. கூட்டணி சேர்ந்தவுடனேயே யார் எந்தப் பத்தியை எழுதுகிறார் என்று பெயர் போட்டுப் பிரித்துவிட்டால் பாதி தீர்ந்துவிடும். நீங்கள் சேரின் கண்ணில் படாமல் போனால் சிட், அதாவது துண்டுச்சீட்டு, எழுதி அனுப்புங்கள். எழுத்தில் வந்தது கணக்கில் இருக்கும்.

சொல்லுக்கு நடக்கும் சண்டை

1948இன் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவு "மனிதர் எல்லோரும்" என்று தொடங்குகிறது. வரைவில் ஆங்கிலத்தில் ஆண்பாற் சொல் இருந்தது. அதை மாற்ற வைத்தவராக நினைக்கப்படுபவர் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா. அப்போதைய வாதம், அந்தச் சொல் பெண்களையும் குறிக்கும்தானே என்பது. சில நாடுகள் அதையே சாக்காக வைத்துப் பெண்களை விலக்கிவிடும் என்பது அவருடைய கவலை. ஒரு சொல் எப்படிச் சட்டமாக மாறுகிறது என்று புரிந்துகொள்ள இந்த ஒரு நிகழ்வு போதும்.

இன்றைய ஆணையத்திலும் அதேதான். 1994 கெய்ரோ, 1995 பெய்ஜிங் மாநாடுகளில் ஒப்புக்கொண்ட தொடர் "பாலியல், இனப்பெருக்க நலமும் இனப்பெருக்க உரிமைகளும்". இதில் உரிமை என்ற சொல் இனப்பெருக்கத்தோடு மட்டும்தான் ஒட்டியிருக்கிறது. "பாலியல், இனப்பெருக்க நலமும் உரிமைகளும்" என்று எழுதினால் பாலியல் உரிமையும் உள்ளே வந்துவிடும். பல ஐரோப்பிய நாடுகள் இரண்டாவதைக் கேட்கும், வாட்டிகனும் பல பழமைப்போக்கு நாடுகளும் முதலாவதைக்கூடத் தயக்கத்தோடுதான் ஏற்கும். 2015இன் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 5.6 பழைய தொடரையே வைத்துக்கொண்டது. இப்படி முன்பே எல்லோரும் சம்மதித்த தொடரை "ஒப்புக்கொண்ட மொழி" என்பார்கள். பேரம் முட்டிக்கொண்டு நிற்கும்போது அதுதான் திறவுகோல். பெய்ஜிங் செயல்திட்டத்தின் 12 அக்கறைப் பகுதிகளையும், உங்கள் தலைப்பை ஒட்டிய சில பத்திகளையும் கையில் வைத்திருப்பவருக்கு அந்த அறையில் தனி மதிப்பு உண்டு.

எழுதும்போது நடக்கும் பெரிய தவறு வினைச்சொல்லில். இந்த ஆணையம் யாருக்கும் உத்தரவு போட முடியாது. "கட்டளையிடுகிறது", "தடை விதிக்கிறது" எல்லாம் பாதுகாப்பு அவையின் மொழி. இங்கே "கேட்டுக்கொள்கிறது", "ஊக்குவிக்கிறது", "பரிந்துரைக்கிறது", "வலியுறுத்துகிறது". தீர்மானத்தில் முன்னுரைப் பத்திகள் பின்னணியைச் சொல்லும், செயற்பத்திகள் வேலையைச் சொல்லும். செயற்பத்தி ஒவ்வொன்றையும் ஐந்து கேள்விகளால் தட்டிப் பாருங்கள்: யார், என்ன, எப்போதுக்குள், யார் பணத்தில், யார் அளப்பது.

"பெண்கல்வியை மேம்படுத்துமாறு நாடுகளைக் கேட்டுக்கொள்கிறது" என்ற பத்தி எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. இப்படி மாற்றலாம்: "கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளில் மாணவிகளுக்குத் தனிக் கழிப்பறையும் தண்ணீரும் சானிட்டரி நாப்கினும் 2030க்குள் கிடைக்கச் செய்யுமாறு உறுப்பு நாடுகளை ஊக்குவிக்கிறது, இதற்கெனக் கல்வி நிதிநிலை அறிக்கையில் தனித் தலைப்பு வைக்கவும், மாணவிகளின் இடைநிற்றலை ஆண்டுதோறும் மாவட்டவாரியாக வெளியிடவும் பரிந்துரைக்கிறது." நீளமாக இருக்கிறது, ஆனால் இதன்மேல் கேள்வி கேட்கலாம், திருத்தம் கொண்டுவரலாம், வாக்களிக்கலாம்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். "ஐ.நா. ஒரு புதிய நிதியம் தொடங்கும்", "ஒரு செயலி உருவாக்கும்" என்று எழுதுவது புதியவர்களின் தீராத பழக்கம். ஏற்கெனவே இருக்கும் நிதியத்தைப் பயன்படுத்துங்கள். பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்க ஐ.நா. அறக்கட்டளை நிதியம் 1996 முதல் இருக்கிறது. இன்னொன்று, வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டுவரும் தீர்மானம். பல மாநாடுகளில் அதற்குத் தகுதி நீக்கமே உண்டு. குறிப்புகளாகக் கொண்டுவாருங்கள், வாக்கியமாக வேண்டாம்.

வன்முறை பற்றிப் பேசும்போது

குடும்ப வன்முறை, கட்டாயத் திருமணம், பாலியல் தாக்குதல் எல்லாம் தலைப்பில் வரும். அறையில் உட்கார்ந்திருப்பவர்களில் அதை நேரில் அனுபவித்தவர் இருக்கக்கூடும். ஆகவே கொடூர விவரங்களை வர்ணித்து அனுதாபம் தேடும் பேச்சு வேண்டாம். சட்டம், காப்பகம், உதவி எண், வழக்கு நடைமுறை என்று பேசுங்கள். "பாதிக்கப்பட்டவர்" என்று மட்டுமே சொல்லாமல் "மீண்டு வந்தவர்" என்ற சொல்லையும் ஐ.நா. ஆவணங்கள் பயன்படுத்துகின்றன.

பழமைப்போக்கு நாடு ஒதுக்கப்பட்ட மாணவர் அதை வில்லன் வேடமாக எடுத்துக்கொண்டு பெண்களை இழிவாகப் பேசிக் கைதட்டல் தேடுவதும் நடக்கிறது. எந்தத் தூதரும் அப்படிப் பேச மாட்டார். 2025 அமர்வுக்குத் தலைமை ஏற்றது சவூதி அரேபியா. அந்த நாடு தன் 2018, 2019ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களை, பெண்கள் வண்டி ஓட்டவும் 21 வயது முதல் காப்பாளர் அனுமதியின்றி பாஸ்போர்ட் பெறவும் வழி திறந்ததை முன்னே வைக்கும். குடும்பச் சட்டம் வரும்போது தேசிய இறையாண்மை, பண்பாட்டு மரபு என்று நிதானமாகச் சொல்லும். அதைச் செய்து காட்டுவதுதான் திறமை.

வாக்கெடுப்பும் அதற்குப் பிறகும்

வரைவுத் தீர்மானம் மேசைக்கு வர, எழுதியவர்களோடு ஆதரவுக் கையெழுத்துகளும் வேண்டும். 20 சதவீதம் என்று விதி இருந்தால் 45 பேர் உள்ள குழுவில் 9 கையெழுத்து. கையெழுத்துப் போடுவதற்கும் ஆதரவாக வாக்களிப்பதற்கும் சம்பந்தமில்லை. "இது விவாதத்துக்கு வரட்டும்" என்பது மட்டுமே அதன் பொருள். எழுதியவர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்ட திருத்தம் நேராகச் சேர்ந்துவிடும், ஒத்துக்கொள்ளாதது வாக்கெடுப்புக்குப் போகும். வாக்கில் நடுநிலை கணக்கில் வராது. 20 ஆதரவு, 15 எதிர்ப்பு, 10 நடுநிலை என்றால் தீர்மானம் நிறைவேறியது.

உண்மையான ஆணையத்தில் முக்கிய ஆவணம் வழக்கமாக இப்படி வாக்கில் நிறைவேறுவதில்லை. "ஒப்புக்கொண்ட முடிவுகள்" என்ற அந்த ஆவணத்தை ஒருமித்த கருத்தால் ஏற்பதுதான் மரபு. கூட்டத்துக்கு முன்பே முதல் வரைவு வந்துவிடும், சம்மதமில்லாத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போவார்கள். சில ஆண்டுகளில் அது முடியாமலே போயிருக்கிறது. பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றி 2003இலும், கிராமப்புறப் பெண்கள் பற்றி 2012இலும் ஆவணம் இல்லாமலே அமர்வு முடிந்தது. வன்முறை பற்றிய ஆவணம் பிறகு 2013இல்தான் கிடைத்தது. சில மாநாடுகள் இப்போது இந்த ஒருமித்த முறையிலேயே நடத்துகின்றன. உங்கள் மாநாடு அப்படியென்றால் பெரும்பான்மை வாக்கைச் சேர்க்கும் கணக்கை மறந்துவிட்டு, கடைசியாக மறுக்கும் அந்த ஒரு நாட்டிடம் போய் எந்தச் சொல் உறுத்துகிறது என்று கேளுங்கள்.

ஒருமித்து ஏற்றுக்கொண்ட பிறகும் ஒரு வாய்ப்பு மிச்சமிருக்கிறது. நிலைப்பாட்டு விளக்கம் என்று அதற்குப் பெயர். "ஒருமித்த கருத்தில் சேர்ந்துகொண்டோம்; ஆனால் 14ஆம் பத்தியை எங்கள் தேசியச் சட்டத்துக்கு உட்பட்டே புரிந்துகொள்கிறோம்" என்று ஒரு நாடு எழுந்து பதிவு செய்யலாம். நியூயார்க் அமர்வுகளில் இது வழக்கமாக நடப்பதுதான். மாதிரி ஐ.நா.வில் இதைக் கேட்டு வாங்கிப் பேசும் மாணவர்கள் மிகக் குறைவு. இறுதித் தாள் உங்கள் நாட்டின் ஒதுக்கீட்டுக் குறிப்போடு எந்த இடத்தில் உரசுகிறது என்று பத்தி எண்ணோடு குறித்துவைத்திருந்தால், முப்பது வினாடி போதும்.